பழைய போனுக்கு இருட்டில் கண் தெரிய: எந்த வழி தேறும், எது வீண் வேலை?

மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் பழைய போனை இரவில் பார்க்கும் கேமராவாக மாற்ற முடியுமா? முடியும். ஆனால் அதற்கென்று இணையத்தில் சுற்றும் செய்முறைகள் பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவரில் ஆரம்பிக்கின்றன. போனைக் கழற்றி, கேமராவைப் பிரித்து, உள்ளேயிருக்கும் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். அந்தக் கண்ணாடியை எடுப்பது பல வழிகளில் ஒன்றுதான். பலருக்கு அது தேவையே படாது. தேவைப்படும் சிலருக்கும் போனைவிட வேறொரு பழைய சாமானில் கை வைப்பது சுலபமாக இருக்கும்.

முடிவெடுக்குமுன் உங்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. பார்க்கப்போகும் பொருள் அசையுமா, அசையாதா? எவ்வளவு தூரத்தில் இருக்கும்? கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அங்கே போடலாமா, கூடாதா? கடைசிக் கேள்விக்கு "போடலாம்" என்று பதில் வந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு வேண்டாம். மங்கலான ஒரு சின்ன இரவு விளக்கும் போனின் சொந்தக் கேமராவும் போதும். அதைச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை, ஏனென்றால் அதில் கழற்றிப் பார்க்க எதுவும் இல்லை.

கேமராவின் கண்ணை மறைப்பது எது?

போன் கேமராவின் சென்சார் சிலிக்கானால் ஆனது. மனிதக் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கும். சிலிக்கான் அதற்கும் மேலே, கிட்டத்தட்ட 1100 நானோமீட்டர் வரை ஒளியை உணரும். அதாவது, நம் கண்ணுக்குப் புலப்படாத அருகு அகச்சிவப்பு ஒளியை உங்கள் போனின் சென்சார் பிறவியிலேயே பார்க்கக்கூடியது. அதைத் தடுப்பது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே வைத்திருக்கும் மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி. அகச்சிவப்பு உள்ளே வந்தால் பகல் படத்தின் நிறங்கள் கெட்டுப்போகும் என்பதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். இலைகளின் உள் திசுக்கள் அகச்சிவப்பை வெகுவாகத் திருப்பி அனுப்புவதால் அவை வெளிறியோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். சில கறுப்புச் செயற்கைத் துணிகள் செம்பழுப்பாக மாறும்.

ஆகவே வடிகட்டியை நீக்கியதால் மட்டும் இருட்டு விலகாது. அந்த இடத்தில் அகச்சிவப்பு ஒளி இருந்தால்தான் சென்சாருக்கு எதையாவது பார்க்க முடியும். மூடிய அறையில், விளக்கணைத்த இரவில், அந்த ஒளியும் இருக்காது. நாம்தான் போட வேண்டும். எந்த வழியை எடுத்தாலும் விளக்குதான் பாதி வேலை; சில வழிகளில் முக்கால்வாசி வேலை.

உங்கள் போனின் வடிகட்டி எவ்வளவு கெட்டி என்று பார்க்க டிவி ரிமோட் போதும். பெரும்பாலான ரிமோட்டுகளின் முனையிலிருக்கும் எல்இடி 940 நானோமீட்டர் ஒளியை விடுகிறது. கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதன் எதிரே பிடித்து, ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்கள். பின் கேமராவில் அனேகமாக ஒன்றும் தெரியாது, அல்லது மங்கலாக ஒரு புள்ளி மினுக்கும். பல போன்களில் முன் கேமராவில் அதே புள்ளி வெள்ளையாகவோ ஊதாவாகவோ பளிச்சென்று தெரியும். செல்ஃபி கேமராவுக்குப் போடும் வடிகட்டி சில போன்களில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிமோட் முனை தெரிகிறது என்பதால் அறை தெரியும் என்று அர்த்தமில்லை. எல்இடி நேராகக் கேமராவுக்குள் பார்க்கிறது. அது வெகு பிரகாசமான ஒரு புள்ளி. சுவரிலோ பூனையின் முதுகிலோ பட்டுத் திரும்பும் ஒளி அதில் மிகச் சிறு பங்குதான். அதனால் சோதனையை இரண்டாவது படிக்குக் கொண்டுபோக வேண்டும். அறையை இருட்டாக்குங்கள். போன் திரையின் வெளிச்சத்தையும் ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் அதுவே சுவரில் விழும். ரிமோட்டை வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பட்டனை அமுக்கியபடி, முன் கேமராவில் ரிமோட்டைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். சுவரில் ஒரு மங்கல் வட்டம் துடித்தால் அந்தக் கேமரா தேறும். முனை மட்டும் மின்னிச் சுவர் கறுப்பாகவே இருந்தால், நல்ல அகச்சிவப்பு விளக்கு வாங்கினாலும் சில அடிகளுக்கு மேல் அந்தக் கேமராவிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றையும் கழற்றாமல்: மென்பொருள் வழி

பிளே ஸ்டோரில் "நைட் விஷன்" என்று தேடினால் வரும் செயலிகளில் பெரும்பாலானவை படத்தின் பிரகாசத்தைத் தூக்கி, மேலே பச்சைச் சாயம் பூசுகிறவை. சென்சாருக்கு வந்து சேராத ஒளியை எந்தச் செயலியாலும் உண்டாக்க முடியாது. பச்சை நிறம் போர்க்காட்சி வீடியோக்களில் பார்த்துப் பழகியதால் நமக்கு ஒரு நம்பிக்கை வருகிறது, அவ்வளவுதான். இவற்றைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

நைட் மோட் அப்படியல்ல. அதில் நிஜமான சரக்கு இருக்கிறது. 2018-இல் ஹுவாவே பி20 புரோவிலும், அதே ஆண்டு கூகுள் பிக்சல் போன்களில் நைட் சைட் என்ற பெயரிலும், 2019-இல் ஐபோன் 11-லும் வந்த இந்த உத்தியின் அடிப்படை எளிது. ஒரே காட்சியை அடுத்தடுத்துப் பல படங்களாக எடுத்து, அசைவைச் சரிக்கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். இருட்டில் எடுத்த படத்தின் பொரிபொரியான இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி விழும். காட்சி மட்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் அடுக்க அடுக்க இரைச்சல் அடங்குகிறது. எத்தனை படமோ அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு அடங்கும்: 4 படத்துக்குப் பாதி, 16 படத்துக்குக் கால்வாசி. பிக்சல் 4-இல் வந்த விண்மீன் வசதி ஒவ்வொன்றும் 16 வினாடி வரை நீளும் படங்களாக நாலு நிமிடம் வரை எடுத்து அடுக்கும்.

உங்கள் பழைய போனில் நைட் மோட் இல்லாவிட்டாலும், அது கேமரா2 ஏபிஐ என்ற வசதியை முழுதாகத் தரும் ஆண்ட்ராய்டாக இருந்தால், ஓப்பன் கேமரா போன்ற இலவசச் செயலியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), ஷட்டர் நேரம், ஃபோகஸ் எல்லாவற்றையும் கையால் வைக்கலாம். போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, படங்களை எடுத்துக் கணினியில் அடுக்கலாம். நட்சத்திரம், நிலவொளியில் ஒரு மலை, தெருவிளக்கு எட்டாத ஒரு தோட்டம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இந்தப் பட்டியலில் இல்லை. நிறமும் கெடாது, செலவும் இல்லை.

இதன் முட்டுக்கட்டை அசைவு. வீடியோவுக்கு வினாடிக்கு 30 படம் வேண்டும் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் நேரம் கிடைக்காது. அங்கே அடுக்குவதற்கும் அதிக இடமில்லை. முழுநிலவு இரவில் தரையில் விழும் வெளிச்சம் அதிகபட்சம் சுமார் 0.3 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), விளக்கு எரியும் அறையில் நூறு லக்ஸுக்கு மேல் இருக்கும். இந்த இடைவெளியை ஓடும் பூனையின் வீடியோவில் மென்பொருளால் தாண்ட முடியாது. முழு இருட்டு அறையில் நிலைமை இன்னும் மோசம்: பூஜ்யத்தை எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்யம்தான்.

முன் கேமராவும் ஒரு விளக்கும்

சுவர்ச் சோதனையில் முன் கேமரா தேறிவிட்டால் நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். போனைத் திறக்க வேண்டாம். ஒரு அகச்சிவப்பு விளக்கு மட்டும் வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களோடு சேர்த்து வைக்கவென்று விற்கும் தனி இல்யூமினேட்டர்கள் கிடைக்கின்றன. டார்ச் வடிவிலும் வருகின்றன.

வாங்கும்போது 850, 940 என்று இரண்டு எண்கள் கண்ணில் படும். 850 நானோமீட்டர் விளக்கை நேராகப் பார்த்தால் கங்கு போல மங்கலான சிவப்பு தெரியும். 940-இல் அதுவும் தெரியாது. மறைவாக இருக்க வேண்டும் என்று 940-ஐத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். சிலிக்கானின் உணர்திறன் அந்த இடத்தில் கடகடவென்று சரிகிறது. ஒரே வாட் விளக்கில் 850-இல் கிடைப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான் 940-இல் படமாகும். முன் கேமராவில் ஏற்கெனவே ஒரு வடிகட்டி ஒளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் கையில் மிஞ்சுவது குறைவு. தூங்கும் குழந்தைக்கோ விலங்குக்கோ அந்தச் சிவப்புப் புள்ளி தொந்தரவாகும் என்ற நிலையில் மட்டும் 940. மற்றபடி 850.

பழைய டார்ச்சில் வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு அகச்சிவப்பு எல்இடியைப் பொருத்தினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட்டில் எரிவது. சாதாரண அகச்சிவப்பு எல்இடிக்கு சுமார் ஒன்றரை வோல்ட்தான் வேண்டும். அப்படியே மாற்றினால், டார்ச்சில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சரியான சுற்று இல்லாத பட்சத்தில், எல்இடி சூடாகிப் போய்விடும். எரிகிறதா இல்லையா என்பது கண்ணுக்கும் தெரியாது.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் நாம் இமையை மூடிக்கொள்கிறோம், கண்பாப்பா சுருங்குகிறது. அகச்சிவப்புக்கு அந்தத் தற்காப்பு வேலை செய்யாது. சக்திவாய்ந்த விளக்கைப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்க்கக் கூடாது. குழந்தையின் முகத்துக்கு நேராக வைக்கக் கூடாது; கூரையிலோ சுவரிலோ அடித்துப் பரவும்படி வைத்தால் படமும் சீராக வரும், கண்ணுக்கும் நல்லது.

தூரம் என்று வந்தால் கணக்கு இரக்கமில்லாதது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் மேலே விழும் ஒளி கால்வாசியாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே விளக்கைப் போனோடு ஒட்டியே வைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். விளக்கைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் கேமராவை மாற்றாமலேயே படம் பல மடங்கு தெளியும். விளக்கைத் தள்ளி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்தால் காற்றில் மிதக்கும் தூசி, கொசு, நூலாம்படை எல்லாம் வெள்ளைப் பந்துகளாகப் படத்தை நிறைக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்: கண்ணாடியில் பட்டுத் திரும்பும் விளக்கு வெளியே இருப்பதை மறைத்துவிடும். விளக்கு வெளியே, போன் உள்ளே என்றால் சரியாகும்.

இந்த வழியின் வரம்பைச் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு, நன்றாகத் தேறிய முன் கேமராவில் உருவம் பிரிந்து தெரியும் அளவுக்குப் படம் கிடைக்கலாம். முற்றத்தின் மறுகோடியைப் பார்க்க நினைத்தால் இது ஆகாது.

கழற்றுவது: ஆசைக்கும் கைத்திறனுக்கும் நடுவே

வடிகட்டியை எடுத்துவிட்டால் கிடைக்கும் லாபம் பெரியது, அதில் சந்தேகமில்லை. 850 நானோமீட்டர் ஒளி முழுதாக உள்ளே வரும். படம் ஊதா கலந்த சாம்பலாக இருக்கும், ஏனென்றால் சென்சாரின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல நுண்வடிகட்டிகள் மூன்றுமே அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய ஒரே அளவாக ஒளியை விடுகின்றன. செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் பார்க்க உறுத்தாது. அப்போது இன்னொரு வேடிக்கையும் தெரியும்: வேறு போன்களின் அருகாமை சென்சாரும் லேசர் ஃபோகஸும் ஊதாப் புள்ளிகளாகத் துடிப்பதைப் பார்க்கலாம்.

கஷ்டம் எங்கே என்றால், அந்த வடிகட்டி இருக்குமிடத்தில். கேமரா மாட்யூலை போர்டிலிருந்து விடுவிப்பது வரை பழக்கமுள்ள எந்தக் கைக்கும் சாத்தியம். அதன்பின் விரல்நகத்தைவிடச் சின்ன ஒரு பெட்டி கையில் இருக்கிறது. மேலே உலோக மூடி. அதற்குள் லென்ஸைத் தாங்கி முன்பின் நகர்த்தும் சுருள் மோட்டார். அதன் அடியில் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய வடிகட்டி. அதற்கும் அடியில், ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளியில்லாமல், சென்சார். சென்சாரின் ஓரத்தில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் வரிசையாக இருக்கும். பிளேடு முனை அங்கே ஒருமுறை பட்டால் கேமரா செத்தது. வடிகட்டியின் தடிமன் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்; நெம்பினால் முழுதாக வருவதைவிட உடைந்து வருவதே அதிகம். உடைந்த தூள் சென்சார் மேல் விழுந்தால் துடைக்க முடியாது, ஏனென்றால் அதன் முகத்தில் நுண்லென்ஸ்கள் இருக்கின்றன. கையால் அழுத்தும் ரப்பர் ஊதியால் ஊதலாம், அவ்வளவுதான். ஆகவே சட்டத்தைச் சென்சாரிலிருந்து பிரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வடிகட்டியை வெளிப்புறமாகத் தள்ளி எடுக்க முடிகிற மாட்யூல்தான் கை வைக்கத் தகுந்தது. அப்படிப் பிரியாத மாட்யூல் என்று தெரிந்ததுமே நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் தாண்டி வடிகட்டியைச் சுத்தமாக எடுத்தவர்களுக்கும் அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது: ஃபோகஸ். லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தகடு இருந்தால், பிம்பம் விழுமிடம் தகட்டின் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளப்படும். தகட்டை எடுத்ததும் அது முன்னுக்கு வந்துவிடும். 0.3 மில்லிமீட்டர் தகடென்றால் 0.1 மில்லிமீட்டர். இவ்வளவுதானே என்று தோன்றும். போன் லென்ஸின் குவியதூரம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். குவியதூரத்தின் வர்க்கத்தை இந்த நகர்வால் வகுத்தால், அதாவது 16-ஐ 0.1-ஆல் வகுத்தால், 160 மில்லிமீட்டர் வரும். எல்லையில்லாத் தூரத்துக்குச் சரியாக இருந்த லென்ஸ் இப்போது 16 சென்டிமீட்டரில் இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். கேமராவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிட்டது.

ஆட்டோ ஃபோகஸ் சரிசெய்துவிடாதா? செய்யாது. சுருள் மோட்டாரின் ஓய்வுநிலை ஏறக்குறைய எல்லையில்லாத் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லென்ஸை வெளியே தள்ளித்தான் அருகிலுள்ளதைப் பார்க்கிறது. நமக்கு வேண்டியது எதிர்த்திசை: லென்ஸ் சென்சாரை நோக்கி உள்ளே போக வேண்டும். மோட்டாருக்கு அந்தப் பக்கம் இடமில்லை. அகச்சிவப்பு ஒளிக்கு லென்ஸின் குவியதூரம் சற்றே நீளும் என்பதால் இந்த நஷ்டத்தில் ஒரு பகுதி தானாகத் திரும்பிவரும். முழுதும் வரும் என்று நம்பி இறங்க முடியாது. மீதிக்கு லென்ஸின் பசையை உடைத்து மரையில் உள்நோக்கித் திருக வேண்டும். 5, 8 மெகாபிக்சல் காலத்துப் போன்களில் பல மாட்யூல்களில் மரை இருக்கும். புதியவற்றில் மரையே இல்லாமல், இயந்திரம் நிலைபார்த்து ஒட்டியிருப்பார்கள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஆப்டிக்கல் ஸ்டெபிலைசேஷன் உள்ள மாட்யூல் என்றால் லென்ஸே மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். இன்னொரு வழி, எடுத்த வடிகட்டியின் இடத்தில் அதே தடிமனில் சாதாரணக் கண்ணாடியை வைப்பது. கேட்க நன்றாக இருக்கிறது, 0.3 மில்லிமீட்டர் கண்ணாடியை அந்த அளவுக்கு வெட்டி, தூசியில்லாமல் ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல சேதி இருக்கிறது. உங்களுக்குப் பார்க்க வேண்டியதே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், உதாரணமாக ஒரு தொட்டிச் செடியில் இரவில் வரும் புழு, எறும்புப் புற்றின் வாய், இருட்டில் வலை பின்னும் சிலந்தி, அப்போது இந்தக் கிட்டப்பார்வை வரமாகிவிடும். லென்ஸைத் திருகவே வேண்டாம். சின்ன விளக்கு போதும், தூரக் கணக்கும் தொல்லை தராது. பின் கேமராவைக் கழற்றுவதற்கு நான் மனதார ஒப்புக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

கை ஊறுகிறது, எதையாவது திறந்தே தீருவேன் என்பவர்களுக்குப் போனைவிட நல்ல பலியாடு பழைய யுஎஸ்பி வெப்கேம். அவற்றில் பலவற்றில் லென்ஸ் எம்12 என்ற அளவு மரையில் திருகி வெளியே வந்துவிடும். வடிகட்டி பெரும்பாலும் லென்ஸ் குழலின் பின்முனையில் ஒட்டியிருக்கும். சென்சாருக்கு ஆபத்தில்லாமல் தனியே எடுக்கலாம். இந்த மரையில் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் என்பதால் 0.1 மில்லிமீட்டர் என்பது ஐந்தில் ஒரு சுற்று. விரலால் திருகி, படத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம். பழைய டிஜிட்டல் கேமராவும் நல்ல தேர்வுதான், வடிகட்டியும் பெரிது. ஆனால் அதில் ஸெனான் ஃபிளாஷ் இருந்தால் உள்ளே சுமார் 300 வோல்ட் ஏறிய கெப்பாசிட்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உதைக்கும். போனில் ஃபிளாஷ் வெறும் எல்இடி என்பதால் அந்தப் பயம் இல்லை. போனுக்குச் சாதகமான ஒரே விஷயம் அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

போனைத் திரையாக மட்டும் வைத்துக்கொள்வது

வடிகட்டியே இல்லாமல் தயாரித்து விற்கும் கேமராக்கள் இருக்கும்போது நாம் ஏன் பிய்க்க வேண்டும்? கையகலக் கணினிப் போர்டுகளைச் செய்யும் ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2013 முதலே நோஐஆர் என்ற பெயரில் அப்படி ஒரு கேமராவை விற்கிறது. 2016-இல் 8 மெகாபிக்சலிலும் 2023-இல் ஆட்டோ ஃபோகஸோடு 12 மெகாபிக்சலிலும் அடுத்தடுத்து வந்தன. அதைச் சின்ன ராஸ்பெர்ரி பை போர்டில் மாட்டி, வைஃபையில் பழைய போனுக்குப் படத்தை அனுப்பினால், போன் பார்க்கும் திரையாகவும் பதிவு செய்யும் பெட்டியாகவும் இருக்கும். லினக்ஸோடு கொஞ்சம் பழக்கம் வேண்டும். வேண்டாம் என்றால் அகச்சிவப்பு எல்இடிகள் பொருத்திய யுஎஸ்பி கேமராவை, போனில் யுஎஸ்பி சாதனங்களை இணைக்க உதவும் ஓடிஜி கேபிளில் நேரடியாக மாட்டலாம். ஓடிஜியில் ஒரு சிக்கல்: பல போன்களில் கேபிள் மாட்டியிருக்கும்போது சார்ஜ் ஏறாது. இரவு முழுக்க ஓட்ட நினைத்தால் நள்ளிரவிலேயே போன் படுத்துவிடும்.

வீட்டைக் கண்காணிப்பதுதான் நோக்கம் என்றால் சாதாரண வைஃபை கண்காணிப்புக் கேமராவோடு எந்த மாற்றிய போனும் போட்டியிட முடியாது. அதில் வடிகட்டியை நகர்த்தும் குட்டி மோட்டார் இருக்கிறது. பகலில் வடிகட்டி சென்சார் முன்னால் நிற்கும், இருட்டியதும் விலகிக்கொள்ளும். அந்தி நேரத்தில் அதிலிருந்து ஒரு "டிக்" சத்தம் வருவது அதனால்தான். பகலில் சரியான நிறம், இரவில் அகச்சிவப்பு, இரண்டும் ஒரே கேமராவில். போனிலிருந்து வடிகட்டியைப் பிடுங்கியவர்களுக்குப் பகல் நிறம் போனது போனதுதான். டூஜி (Doogee), பிளாக்வியூ, யூலிஃபோன் போன்ற நிறுவனங்கள் சில முரட்டு போன்களில் அகச்சிவப்பு எல்இடியோடு தனி இரவுக் கேமராவையே வைத்து விற்கின்றன. கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி பார்க்க வேண்டும் என்றால் அது வசதி. பழைய போனுக்கு மறுவாழ்வு தருவது என்ற எண்ணத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

வெப்பப்படக் கேமராவையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். உடல் சூட்டைப் பார்ப்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் நடக்கும் வேலை. அருகு அகச்சிவப்பைவிடப் பத்து மடங்கு நீளம். சிலிக்கான் சென்சார் அதை உணராது, கண்ணாடி லென்ஸ் அதை உள்ளேயே விடாது. எந்த வடிகட்டியை எடுத்தாலும் போன் கேமரா அப்படி மாறாது. வேண்டுமென்றால் ஃபிளிர் ஒன் போலப் போனில் செருகும் தனிக் கருவியைத்தான் வாங்க வேண்டும்.

என்னிடம் கேட்டால்

அசையாத காட்சி, வெளியே கொஞ்சமாவது வானத்து வெளிச்சம் என்றால் மென்பொருள் வழியைத் தாண்ட வேண்டாம். அறைக்குள் அசையும் உயிர் என்றால் முன் கேமராவைச் சோதித்துவிட்டு 850 விளக்கு. சோதனையில் முன் கேமரா தோற்றால் பின் கேமராவைக் கழற்றப் போகாமல் யுஎஸ்பி கேமராவுக்கோ நோஐஆருக்கோ போங்கள். வெளிவாசல், மாடிப்படி, வண்டி நிற்குமிடம் என்றால் கண்காணிப்புக் கேமரா, வேறு பேச்சே இல்லை. கழற்றுவதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே கழற்றுகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அதற்கு லாப நஷ்டம் பார்க்கத் தேவையில்லை. மரை லென்ஸ் உள்ள, போனால் போகட்டும் என்று விடக்கூடிய போனாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டி இல்லாத கேமராவை மனிதர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சில மெல்லிய துணிகளும் பிளாஸ்டிக்குகளும் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. 1998-இல் சோனியின் நைட்ஷாட் ஹேண்டிகேமில் இது பெரிய சர்ச்சையாகி, நிறுவனமே வடிவமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. 2020-இல் ஒன்பிளஸ் 8 புரோவின் ஒரு கேமராவிலும் இதே புகார் எழுந்து, சீனாவில் மென்பொருள் மூலம் அந்த வசதியை முடக்கினார்கள். பகலில் இதைக் கொண்டு ஆட்களைப் படமெடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் சட்டத்துக்குள் விழுகிற மாதிரி எங்கும் நிறுத்தவும் கூடாது.

எந்த வழியானாலும் போன் இரவு முழுக்க, வாரக்கணக்கில் சார்ஜரோடு இருக்கப்போகிறது. பழைய லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது அதுதான்: எப்போதும் 100 சதவீதத்தில், எப்போதும் சூட்டில். உப்பிப்போகும். பின்மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தாலோ, திரை நடுவில் மேடு தட்டினாலோ அந்தப் போனை அன்றே நிறுத்திவிடுங்கள்; அழுத்தி மூடிப் பார்க்கக் கூடாது. போனிலேயே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் டைமர் பிளக் வைத்து நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி செய்யலாம். மெத்தை, திரைச்சீலை, காகிதக் கட்டு இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோடும் இடத்தில், தீப்பிடிக்காத தளத்தின் மேல் வையுங்கள். அகச்சிவப்பு விளக்கின் அடாப்டரையும் முதல் இரவு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடாக இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.